ஆவணிப் புழுக்கமும் அந்தி இடியும்

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து உழவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் கூடியிருந்த அவையில் ஆவணி மாதத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த வாரம் டீக்கடையிலும் பேருந்திலும் களத்துமேட்டிலும் ஒரே பேச்சுதான். பகலெல்லாம் தாங்க முடியாத புழுக்கம். மூன்று மணிக்குமேல் மேற்கே கருக்கிறது. ஐந்து மணிக்கு இடி உறுமுகிறது. ஒரு ஊரில் கொட்டித் தீர்க்கிறது. அடுத்த ஊரில் காற்று மட்டும் அடித்துப் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விடுகிறது. வேப்பந்தட்டையில் வாய்க்கால் ஓடும்போது கிருஷ்ணாபுரத்தில் தரைகூட நனையாமல் இருக்கலாம். செந்துறையில் மின்னல் வெட்டும்போது ஆண்டிமடத்தில் நட்சத்திரம் தெரியலாம். காலையில் தொலைக்காட்சியில், "பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மிதமான மழைக்கு வாய்ப்பு" என்று சொன்னார்கள். மழை விழாத ஊர்க்காரர் மறுநாள் சொல்கிறார்: "அவங்க சொன்னது எங்கே பலிச்சுது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். முன்னறிவிப்பு என்ன சொல்கிறது, எதைச் சொல்ல அதனால் முடியாது, அதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்ற மூன்றையும் பேசப்போகிறேன். மூன்றாவதுதான் முக்கியம். ஒரே முன்னறிவிப்பைக் கேட்டு, உயிரைக் காக்க ஒரு முடிவும், விதையைக் காக்க வேறொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், ஆண்டுதோறும் சில உயிர்களாவது நம்மோடு இருக்கும்.

பாறை படித்தவர் வானம் படித்தார்

முதலில் ஒரு வரலாறு. நம் மண்ணுக்கும் இந்திய வானிலைத் துறைக்கும் பலர் அறியாத ஓர் உறவு உண்டு.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து பார்க்கிறார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கு அவை சான்றுகள். அந்தப் பாறைகளை 1850-களின் பிற்பகுதியில் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்த இளைஞர் அவர். அரியலூர் என்ற பெயர் உலகப் பாறையியல் நூல்களில் ஏறியதற்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணம்.

1864-ல் கல்கத்தாவைப் புயல் தாக்கிப் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதன்பின் பஞ்சங்களும் வந்தன. வானத்தைக் கவனித்து முன்கூட்டிச் சொல்ல நாட்டுக்கு ஒரு துறை வேண்டும் என்று அரசு உணர்ந்தது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அமர்த்தப்பட்டவர் இதே பிளான்ஃபோர்டுதான். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழையை முன்கூட்டிக் கணிக்க முடியுமா என்று அவர் தேடினார். இமயமலையில் பனி மிகுந்த ஆண்டில் பருவமழை குறைகிறது என்ற தொடர்பைக் கண்டு, அதைக்கொண்டு 1880-களில் முன்னறிவிப்புகள் வெளியிட்டார்.

150 ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று நம்மிடம் செயற்கைக்கோள் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் விண்ணுக்குச் சென்றது. காரைக்காலிலும் சென்னையிலும் டாப்ளர் ரேடார்கள் சுழல்கின்றன. 2025 மே மாதத்தில், நாட்டை ஆறு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முன்னறிவிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் இருந்த சதுரம் பன்னிரண்டு கிலோமீட்டர். நம் இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து ஏறக்குறைய 3,700 சதுர கிலோமீட்டர்; அப்படியானால் இன்று நம் வானத்தை நூறு சதுரங்களாகப் பார்க்க முடிகிறது. இவ்வளவு இருந்தும் எந்த ஊரில் மழை என்று காலையிலேயே சொல்ல முடியவில்லை. ஏன்?

மேல்காற்று தணிந்தால்

காரணம் நம் இருப்பிடத்திலும், இந்த மாதத்துக் காற்றிலும் இருக்கிறது.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் குறைந்திருக்கிறது. அம்மியைப் பறக்கவைக்கும் என்று நாம் சொல்லும் ஆடிக்காற்று அதுதான். வேகமான, உலர்ந்த மேல்காற்று. அது பலமாக வீசும் நாளில் வானத்தில் மேகம் ஓடும், மழை இருக்காது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவத்தின் நான்கு மாதங்களும் சேர்ந்து தருவது மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

அந்த மூன்றில் ஒரு பங்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆவணியில் அந்த மேல்காற்று சில நாட்களுக்குத் தளர்கிறது. வட இந்தியாவில் பருவமழைக்கு ஆதாரமான தாழ்வழுத்தப் பட்டை இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிடும் நாட்கள் உண்டு. அப்போது நடு இந்தியாவில் மழை நின்றுவிடும். அதே நாட்களில் இங்கே நம் தலைக்குமேல் காற்று தணிந்து, வங்கக்கடலிலிருந்து ஈரக்காற்று பிற்பகலில் உள்நாட்டை நோக்கி வர வழி கிடைக்கிறது. நாக்பூர் உழவர் மேகத்தைத் தேடும் வாரத்தில் நாம் குடை தேடுகிறோம்.

தொலைக்காட்சியில் "மேற்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக" என்று சொல்வதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மேற்கிலிருந்து வேகமாக வரும் காற்று, நம் பக்கம் வரும்போது வேகம் குறைகிறது. பின்னால் வருவது முன்னால் இருப்பதைவிட வேகமாக வந்தால் நடுவில் காற்று குவியும். குவிந்த காற்றுக்குக் கீழே தரை இருப்பதால் போக வழியில்லை, மேலே எழும்புகிறது. எழும்பும் காற்று குளிர்கிறது. குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி மேகமாகிறது. அந்த அறிவிப்பின் முழு இயற்பியலும் இதுதான்.

இதோடு நம் நிலத்தின் சூடும் சேர்கிறது. மேற்கே பச்சைமலையும் அதற்கப்பால் கொல்லிமலையும் இருக்கின்றன. மலைச்சரிவு வெயிலில் விரைவாகச் சூடேறிக் காற்றை மேலே ஏற்றிவிடுவதால், அங்கே முதலில் மேகம் கட்டுகிறது. பிறகு உயரத்தில் வீசும் மேற்கு, வடமேற்குக் காற்று அந்த மேகங்களைக் கிழக்கே தள்ளுகிறது. ஆவணியில் நம் பெரியவர்கள் மேற்கையும் வடமேற்கையும் பார்ப்பதும், ஐப்பசியில் வடகிழக்கைப் பார்ப்பதும் வழிவழியாக வந்த சரியான கவனிப்பு.

புழுக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வியர்வை உலரும்போதுதான் உடம்பு குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை 35 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், உடம்புக்கு அது ஏறக்குறைய 45 டிகிரி வெயிலைப் போலத் தெரியும். அந்த 35 டிகிரியும் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது. பருத்திக் காட்டில் குனிந்து களை எடுக்கும் தாய்மார்கள் வெயிலில் நிற்கிறார்கள். ஆகவே மழைக்கு முந்தைய அந்தப் புழுக்கமே முதல் அபாயம். வெள்ளன வேலையைத் தொடங்கி உச்சிக்குமுன் கரையேறுவதும், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீராகாரமோ மோரோ குடித்துக்கொண்டே இருப்பதும் இந்த வாரத்துக்கான மருந்து.

ஒரு மேகத்தின் ஆயுள்

அடுப்பில் உலை வைக்கிறோம். நீர் கொதிக்கப்போகிறது என்று உறுதியாகச் சொல்லலாம்; எத்தனை நிமிடத்தில் என்றுகூடச் சொல்லலாம். முதல் குமிழி பானையின் எந்த இடத்தில் எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆவணி இடிமழையும் அப்படித்தான்.

ஒரு தனி இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். பிறந்து, வளர்ந்து, கொட்டி, கரைய அதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் போதும். ஆனால் உயரம்? பதினைந்து கிலோமீட்டருக்கு மேலும் எழும். எவரெஸ்ட் சிகரம் ஒன்பது கிலோமீட்டர்கூட இல்லை. அந்த உச்சியில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இருக்கிறது. பனித்துகள்களும் மென்மையான ஆலங்கட்டிகளும் மேலும் கீழும் போகும்போது ஒன்றோடொன்று மோதி, மேகத்தின் மேற்பகுதியில் ஒருவகை மின்னூட்டமும் அடிப்பகுதியில் எதிர்வகை மின்னூட்டமும் சேர்கின்றன. அந்த வேறுபாடு தாங்க முடியாத அளவை எட்டும்போது மின்னல் பாய்கிறது. அது பாயும் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 டிகிரிவரை சூடேறுகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. அந்தச் சூட்டில் காற்று வெடித்து விரிவதுதான் இடி.

மழை விழத் தொடங்கியதும் அதனோடு குளிர்ந்த காற்றும் சரிந்து இறங்குகிறது. தரையில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. நம் முகத்தில் திடீரென்று அடிக்கும் அந்தச் சில்லென்ற காற்று, மழைக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னால் வந்து மண்வாசனையைத் தூக்கிவரும் காற்று, மேகம் அனுப்பிய தூதுதான். கதிர் பிடித்த மக்காச்சோளத்தைச் சாய்ப்பதும், திருமானூர்ப் பக்கத்து வாழையை முறிப்பதும், தகரக் கூரையைப் பெயர்ப்பதும் பெரும்பாலும் இந்தக் காற்றுதான். அது பக்கத்தில் உள்ள சூடான காற்றைத் தூக்கிவிட்டு இன்னொரு புது மேகத்தையும் பிறப்பிக்கும். பாடாலூரில் கொட்டிய மழை அடுத்த மேகத்தை எங்கே எழுப்பும் என்பது, முதல் மேகம் பிறக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஆறு கிலோமீட்டர் சதுரம் இருந்தும் காலையில் ஊர் பெயர் சொல்ல முடியாததன் காரணம் இதுதான்.

அறிவிப்பை வாசிப்பது

இனி, சொன்னதை எப்படி வாசிப்பது?

வானிலைத் துறையின் அறிக்கையில் ஒவ்வொரு தொடருக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்பங்குவரைதான் மழை பதிவாகும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் கால்பங்குக்கு மேல் பாதிவரை. ஆகவே ஓரிரு இடங்களில் மழை என்ற நாளில் முக்கால்வாசி ஊர்கள் காய்ந்திருந்தால், அந்த அறிவிப்பு பலித்தது.

அளவுக்கும் அப்படியே. 24 மணி நேரத்தில் 15.5 மில்லிமீட்டர்வரை லேசான மழை, 64.4 மில்லிமீட்டர்வரை மிதமானது, 64.5 முதல் 115.5 வரை கனமழை; அதற்குமேல் 204.4 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் நீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் நீர் வானத்திலிருந்து இறங்கியிருக்கிறது. மிதமான மழை என்று கேட்டு அலட்சியம் செய்யாதீர்கள். 60 மில்லிமீட்டர் ஒரே மணி நேரத்தில் விழுந்தால் வரப்பு உடைந்துவிடும். அந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நேற்று மாலை பெய்த மழை இன்றைய தேதியில் பட்டியலாவது அதனால்தான்.

நாளைய அறிவிப்பு ஒன்று. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பு வேறொன்று. முதலாவது கணினியின் கணக்கு. இரண்டாவது, ரேடாரும் செயற்கைக்கோளும் பார்த்த, ஏற்கெனவே பிறந்துவிட்ட மேகத்தைப் பற்றியது. ஆகவே இரண்டாவதை நம்பி உடனே செயல்படலாம். ரேடாரிலிருந்து தொலைவு கூடக்கூட அதன் கதிர் தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகும். தாழ்வான தூறல் மேகம் அதற்குக் கீழே தப்பிவிடலாம். நெடிதுயர்ந்த இடிமேகம் தப்பாது. மின்னலுக்கென்றே புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி இருபது, நாற்பது கிலோமீட்டருக்குள் சில நிமிடங்களுக்குமுன் மின்னல் விழுந்ததா என்று அது காட்டும். உழவுக்கான ஆலோசனையைத் தமிழிலேயே தர 'மேகதூத்' செயலி இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இவ்விரண்டையும் பெற்றோரின் கைபேசியில் இன்றே போட்டுக்கொடுங்கள்.

உயிருக்குச் சிறு வாய்ப்பே போதும்

இப்போது முடிவுகளுக்கு வருவோம். ஒரு நாள் மாலை உங்கள் ஊரில் இடிமழைக்கு 30 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட பத்து நாளில் மூன்று நாள் மழை வரும்; ஏழு நாள் வராது. என்ன செய்ய வேண்டும்?

ஒரு கணக்கு போட்டால் போதும். காத்துக்கொள்ள ஆகும் செலவு எவ்வளவு? காக்காமல் விட்டால் நேரும் இழப்பு எவ்வளவு? செலவு சிறிது, இழப்பு பெரிது என்றால், சிறு வாய்ப்பு இருந்தாலே செயல்பட வேண்டும். செலவும் இழப்பும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால், பெரிய வாய்ப்பு வரும்வரை காத்திருக்கலாம்.

விதைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள். நம் கரிசல் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் ஆடியிலிருந்து புரட்டாசிவரை மானாவாரியாக மண்ணில் விழுகின்றன. நாளை 30 விழுக்காடு வாய்ப்பு என்று கேட்டு, காய்ந்த மண்ணில் விலை கொடுத்து வாங்கிய விதையைப் போட்டால், பத்தில் ஏழுமுறை ஏமாற்றம். அரைகுறையாகத் தூறி முளைத்த பின் காய்ந்தால் அது இன்னும் கொடுமை. விதைப்புக்கு அறிவிப்பை நம்பாதீர்கள். மண்ணில் இறங்கிய ஈரத்தைப் பார்த்து நம்புங்கள். அடுத்த சில நாட்களுக்கு நல்ல மழை என்று அறிவிப்பும் சேர்ந்து சொன்னால், அப்போது கையில் விதை எடுக்கலாம்.

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்துக்குக் கணக்கு மாறுகிறது. களத்தில் காயும் வெங்காயத்தையும் பட்டறையையும் தார்ப்பாய் போட்டு மூட அரைமணி நேர உழைப்பு போதும். நனைந்தால் அழுகல் வந்து முழுச் சரக்கும் போகும். 30 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலே மூடிவிடுவது சரியான முடிவு. தா.பழூர், திருமானூர்ப் பக்கம் குறுவை அறுத்துச் சாலையில் காயவைத்திருக்கும் நெல்லுக்கும் அதே கணக்கு. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் சிக்கல். மருந்து தெளிக்க நினைப்பவர் ஒருநாள் தள்ளிப் போடலாம். மழையில் கழுவிப் போகும் மருந்துக்குச் செலவழித்த பணம் திரும்பாது.

அடுத்தது உயிர். இங்கே கணக்கே வேண்டாம் என்று தோன்றும். ஆனாலும் நாம் தவறவிடுவது இதைத்தான். இன்னும் ஒரு சால் களை எடுத்துவிடலாம், ஆடுகளை ஒருபக்கமாக ஓட்டிவிட்டுப் போகலாம், மழை வந்தால் பனைமரத்தடியில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். 2022-ல் இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களால் இறந்தவர்கள் 8,060 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அவர்களில் 2,887 பேர் மின்னலால் இறந்தவர்கள். வெள்ளமும் வெப்பமும் செய்தியாகின்றன. மூன்றில் ஒருவரைக் கொண்டுபோகும் மின்னல், உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த நாலு வரிக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் வயலில் நின்றவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள். நம்மைப் போன்றவர்கள்.

இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். இடி உங்கள் காதில் விழுகிறதென்றால், மின்னல் விழக்கூடிய தொலைவில் நீங்கள் நிற்கிறீர்கள். மழை இன்னும் வரவில்லை, மேலே வானம் வெளுத்திருக்கிறது என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. மழை பெய்யும் இடத்தைவிட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க மூன்று விநாடி ஆனால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ, கூரை மூடிய பேருந்து, கார், வேனுக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். பக்கச் சுவர் இல்லாத தகரக் கொட்டகையும், டிராக்டர் இருக்கையும், மோட்டார் சைக்கிளும், தனி மரத்தடியும் பாதுகாப்பு அல்ல. மரத்தில் விழும் மின்னல் வேர்வழியாகத் தரையில் பரவுகிறது. மரத்தடியில் கட்டிய மாடுகள் ஒருசேர விழுவது அதனால்தான். ஓட வழியே இல்லாத வெட்டவெளியில் சிக்கிக்கொண்டால், கூட்டமாக நிற்காமல் பிரிந்து, கால்களைச் சேர்த்துக் குந்தியிருங்கள், தரையில் படுக்காதீர்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் பாயும் என்று பயப்படுகிறார்கள். பாயாது. உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும்; 108-க்குச் சொல்ல வேண்டும். அந்த முதல் சில நிமிடங்களில் பலரை மீட்டுவிடலாம்.

இதற்கு ஆகும் செலவு என்ன? நூறு நாள் வேலைத்தளத்தில் ஒரு மணி நேரம் நிற்கும்; களை எடுப்பு நாளைக்குத் தள்ளும். பத்து நாளில் ஏழு நாள் வீணாக எழுந்து வந்தோம் என்று தோன்றும். தோன்றட்டும். நில உடைமையாளர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: இடி கேட்டு வேலையாட்கள் கரையேறினால் கூலியைப் பிடிக்காதீர்கள். கூலி போய்விடும் என்ற அச்சத்தில் ஒரு தாய் காட்டில் நின்றுவிட்டால், அதற்குப் பிறகு எந்த முன்னறிவிப்பும் அவளுக்கு உதவாது. மஞ்சள் எச்சரிக்கைதானே, சிவப்பு இல்லையே என்றும் சொல்லாதீர்கள். மஞ்சள் மாவட்டம் முழுவதற்குமான நிறம். வெட்டவெளியில் நிற்பவருக்கு அதுவே போதுமான எச்சரிக்கை.

அளந்தால்தான் அறிவோம்

கடைசியாக, நாம் வானிலைத் துறைக்குத் தர வேண்டியதைப் பற்றி.

1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் பாலத்தைச் சிதைத்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்தப் பதவி விலகலை நாடு இன்றும் பேசுகிறது. நம் வட்டாரம் அதிலிருந்து இன்னொரு பாடத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிற்றாற்றின் நீர்ப்பிடிப்பில் மேலே எவ்வளவு மழை பெய்கிறது என்பது, கீழே பாலத்தில் நிற்பவருக்கு உடனுக்குடன் தெரிய வேண்டும்.

இன்றும் நம் நாளிதழ்களில் வரும் மழைப் பட்டியலைப் பாருங்கள். பெரம்பலூர், செட்டிகுளம், பாடாலூர், அகரம் சீகூர், லப்பைக்குடிகாடு, புதுவேட்டக்குடி, தழுதாழை, வி.களத்தூர் என்று இந்தப் பக்கம். அரியலூர், ஜெயங்கொண்டம், திருமானூர், குருவாடி, செந்துறை, ஆண்டிமடம், சித்தமல்லி என்று அந்தப் பக்கம். சில கிலோமீட்டர் அகலமே உள்ள இடிமேகம் இந்த ஊர்களுக்கு நடுவே இறங்கிக் கொட்டிவிட்டுப் போனால், பட்டியலில் அன்று சுழியம்தான் இருக்கும். தானியங்கி மழைமானிகள் பெருகிவருகின்றன. இன்னும் பெருக வேண்டும். புவி சூடேறுவதால் ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது இன்னும் வேகமாகக் கொட்டும் காலம் இது. ஆகவே அளவின் தேவை கூடுகிறது.

அரசை மட்டும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கேரளத்தில் மீனச்சில் ஆற்றுப் படுகையில் மக்களும் மாணவர்களும் தாங்களே மழையை அளந்து, கைபேசிக் குழுக்களில் பகிர்ந்து, ஆற்றங்கரையில் இருப்பவர்களை எச்சரிக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 1997-ல் ஃபோர்ட் காலின்ஸ் நகரைத் தாக்கிய பெருமழைக்குப் பிறகு, அடுத்த ஆண்டே பொதுமக்கள் மழை அளக்கும் இயக்கம் ஒன்று தொடங்கி நாடெங்கும் பரவியது. நாமும் செய்யலாம். நேரான பக்கம் உள்ள ஒரு பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். மரமும் சுவரும் அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்குமாறு திறந்தவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு மில்லிமீட்டரில் அளந்து, பெய்யாத நாளில் சுழியம் என்று, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சுழியமும் செய்திதான். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்த நாளுக்கு வையுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பள்ளியில் ஒரு மழைமானி இருக்கட்டும். வகுப்பு முறைவைத்து அளக்கட்டும். ஊராட்சித் தலைவர்களே, அந்த அளவு ஊராட்சி அலுவலகப் பலகையில் தினமும் எழுதப்படட்டும். மூன்று மணி நேர எச்சரிக்கை வந்தால் கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் தேவாலய மணியிலும் ஊருக்குச் சொல்லப்படட்டும். வேலைத்தளப் பொறுப்பாளர்களே, முதல் இடியில் எல்லோரையும் கரையேற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். உழவர் பெருமக்களே, விதைக்கு மண்ணின் ஈரத்தைக் கேளுங்கள். வெங்காயத்துக்கும் நெல்லுக்கும் தார்ப்பாயைத் தயாராக வையுங்கள். உயிருக்கு முதல் இடியே போதும் என்று கொள்ளுங்கள்.

இன்று மாலையும் மேற்கே கருக்கலாம். மழை எந்த ஊருக்கு என்று நமக்குத் தெரியாது. அது வருவதற்குமுன் காட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது என்பது தெரியும். அந்த அளவுக்கு அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. மீதி நம்முடையது.